பயனெட்: முனைக் கத்தியா, துப்பாக்கி ஈட்டியா?

பயனெட் என்பது துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டும் குத்தாயுதம். தோட்டா தீர்ந்துபோனாலும், எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டாலும் அதே துப்பாக்கியை ஈட்டியாகப் பிடித்துப் போரிடலாம்.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரான்சின் தென்மேற்கில் உள்ள பயோன் நகரம் கத்தித் தொழிலுக்குப் பேர்போனது. அந்த ஊர்ப்பெயரிலிருந்தே சொல் பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். முதலில் இடுப்பில் செருகும் குறுவாளுக்குத்தான் இந்தப் பெயர். 17ஆம் நூற்றாண்டில் அதன் கைப்பிடியைக் குழல்வாய்க்குள் செருகத் தொடங்கினார்கள். செருகிவிட்டால் சுட முடியாது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் நடந்த போரில் அரசுப் படையினர் செருகி முடிப்பதற்குள் மலைநாட்டார் வாளோடு வந்து பாய்ந்துவிட்டார்கள். அப்புறம் குழலைச் சுற்றி வளையமாக மாட்டும் வகை பரவியது. மாட்டியபடியே சுடவும் முடிந்தது.

ரஷ்யர்கள் இதை 'ஷ்டிக்' என்கிறார்கள். போலிஷ் வழியாக ஜெர்மனிலிருந்து வந்த சொல், மூலப்பொருள் 'குத்து'. தோட்டா முட்டாள், ஷ்டிக்தான் கெட்டிக்காரன் என்று சொன்னவர் 18ஆம் நூற்றாண்டு ரஷ்யத் தளபதி சுவோரவ். அந்த நம்பிக்கை 1891இல் ரஷ்யப் படை ஏற்ற மோசின் நாகான் ரைஃபிளிலும் தொடர்ந்தது. நான்கு பட்டையுள்ள ஊசி போன்ற பயனெட். நுனி தட்டையாக இருப்பதால் திருகாணி கழற்றவும் உதவும். 1930இல் திருத்தப்பட்ட ரைஃபிளின் நீளம் ஏறக்குறைய 123 செ.மீ.; பயனெட்டோடு 166 செ.மீ. வரை போகும். இதைக் கழற்றி உறையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் ரஷ்யப் படையில் பொதுவாக இல்லை. பெரும்பாலும் முனையிலேயே இருந்தது.

அதனால் தொழிற்சாலையிலும் பயனெட்டை மாட்டியே குறியைச் சரிசெய்தார்கள். இன்று பழைய ராணுவ இருப்பிலிருந்து இந்த ரைஃபிளை வாங்கிச் சுடுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சுடும்போது குழல் அதிர்கிறது. முனையில் ஒரு பக்கமாக எடை தொங்கினால் அந்த அதிர்வு மாறும். குழல்வாயிலிருந்து சீறும் வாயுவும் பக்கத்தில் இருக்கும் இரும்பில் மோதும். எனவே பயனெட்டைக் கழற்றியதும் தோட்டா விழும் இடம் நகர்ந்துவிடும். குழல் கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.

பயனெட்டை மாட்டி, அது ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் அதற்குரிய துப்பாக்கிக்குப் பொருத்தி அதே எண்ணைப் பொறித்திருப்பார்கள்; சந்தைக்கு வரும்போது எண் மாறிய ஜோடிகள் நிறைய. ஆடும் பயனெட்டோடு சுட்டால் குறி நிலைக்காது. பின்குறியை (கண்ணுக்கு அருகே உள்ள, தூரத்துக்கேற்ப நகர்த்தும் குறிபார்க்கும் பகுதி) 1இல், அதாவது 100 மீட்டரில் வைத்துச் சில குண்டுகள் சுடுங்கள். அவை குவிந்த இடம் இடப்பக்கம் இருந்தால் குழல் முனையில் முள்போல் நிற்கும் முன்குறியையும் இடப்பக்கம் தட்ட வேண்டும். தவறு எந்தப் பக்கமோ முன்குறியும் அந்தப் பக்கம். தட்டுமுன் பழைய இடத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. முன்குறி முள்ளை அராவ மட்டும் அவசரம் கூடாது: முள் குட்டையானால் தோட்டா இன்னும் மேலே போகும். பயனெட் இல்லாமல்தான் சுடப்போகிறீர்கள் என்றால் அதற்கென்று தனியாகக் குறி சரிசெய்யுங்கள். இதே ரைஃபிளின் குட்டை வடிவமான 1944ஆம் ஆண்டுக் கார்பைனில் பக்கவாட்டில் மடங்கும் பயனெட் உண்டு; அதை விரித்து வைத்தே குறி பார்க்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'துப்பாக்கி முனைக் கத்தி' நல்ல சொல். 'துப்பாக்கி முனையில் மிரட்டினான்' என்று நாம் அன்றாடம் சொல்வதால் யாருக்கும் உடனே புரியும். (துப்பாக்கி என்பதே துருக்கியின் 'துஃபெக்' வழி வந்து நம்முடையதான சொல்தான்.) 'குத்துவாள்' பொருந்தாது, அது கையில் பிடிப்பது. ஆனால் மோசினில் இருப்பதைக் கத்தி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வெட்டுவதற்கான அலகு அதில் இல்லை, குத்த மட்டுமே முடியும். அதற்குத் 'துப்பாக்கி ஈட்டி' என்பதே சரி. அதே ரைஃபிளின் வழியில் ஃபின்லாந்து உருவாக்கிய 1939ஆம் ஆண்டு வடிவத்தில் அலகுள்ள பயனெட் உண்டு. அதை முனைக் கத்தி என்னலாம். மடங்கும் வகைக்கு 'மடக்கு ஈட்டி' போதும்.