அலுமினியத் தாளில் சுற்றிய கார்டு

சென்ற வாரம் ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளி நிறப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மேசை மீது வைத்து நிதானமாகப் பிரித்தார். அலுமினியத் தாள், இரண்டு சுற்று. உள்ளே அவருடைய வங்கிக் கார்டு. கார்டோடு நான்காக மடித்த சின்னக் காகிதம். அதில் நான்கு இலக்கங்கள்.

“தம்பி, சிப்பிலிருந்து பணத்தை உறிஞ்சிவிட்டார்கள். இப்போதுதான் பேரன் சொல்லி இப்படிச் சுற்றி வைத்திருக்கிறேன்” என்றார்.

திரையில் அவருடைய கணக்கைப் பார்த்தேன். போன பணம் எந்த இயந்திரத்திலும் கார்டைச் செருகியோ தேய்த்தோ தட்டியோ போகவில்லை. கார்டு எண்ணைத் தட்டச்சு செய்து இணையத்தில் எதையோ வாங்கியிருக்கிறார்கள். ஓடிபி முதல் முயற்சியிலேயே சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தது.

“ஐயா, யாராவது போன் செய்தார்களா?”

“செய்தார்கள். சிப்பின் ஆயுள் முடியப் போகிறது, புதுப்பிக்காவிட்டால் கார்டு நின்றுவிடும் என்றார்கள். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.”

கார்டின் முன்பக்க எண், பின்பக்கத்து மூன்று இலக்கம், கடைசியாக வந்த ஓடிபி. மூன்றையும் அந்த மரியாதைக்காரரிடம் ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டியிருக்கிறார். சிப் அந்த நேரம் அலமாரிக்குள் இருந்திருக்கிறது.

வங்கியின் கார்டு தகராறுப் பிரிவில் 14 வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கதையை எத்தனையாவது முறை கேட்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். வருகிறவர்கள் குற்றவாளி யாரென்று தீர்மானித்துக்கொண்டேதான் வருகிறார்கள்: சிப் எனப்படும் அந்தத் தங்க நிறச் சதுரம். பாவம், அது செய்யாத குற்றத்துக்கெல்லாம் பழி சுமக்கிறது. முதலில் அது என்னதான் செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கார்டின் முதுகில் இருக்கும் கறுப்புக் காந்தப் பட்டை, மனப்பாடம் செய்த மாணவனைப் போன்றது. யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், அதே வரியை ஒப்பிக்கும். பக்கத்தில் நின்று அதைக் காதில் வாங்கிக்கொண்டவன், வெற்றுக் கார்டு ஒன்றில் அப்படியே பதித்துவிடலாம். பட்டையை மட்டும் வைத்து அசல் எது, நகல் எது என்று வங்கியால் சொல்ல முடியாது.

சிப், கணக்குப் போட்டு விடை சொல்கிற மாணவன். அது ஒரு குட்டிக் கணினி. மின்கலம் கிடையாது, இயந்திரத்தில் செருகியதும் அங்கிருந்து மின்சாரம் பெற்று விழித்துக்கொள்ளும். தொகை, நாணயம், தேதி, அந்த நொடியில் உருவாக்கிய ஏதோ ஓர் எண் ஆகியவற்றை இயந்திரம் கேள்வியாகக் கொடுக்கும். இது தனக்கு எத்தனையாவது பரிவர்த்தனை என்ற வரிசை எண்ணையும் சிப் சேர்த்துக்கொள்ளும். உள்ளே பூட்டியிருக்கும் ரகசியச் சாவியை (அதுவும் ஒரு நீண்ட எண்தான்) கொண்டு கணக்கிட்டு, 8 பைட் நீளத்தில் ஒரு விடையைத் தரும். வங்கியும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துவந்தால்தான் அனுமதி. அடுத்த முறை வரிசை எண் ஒன்று கூடிவிடும், கேள்வி மாறிவிடும், விடையும் மாறிவிடும். இன்றைய விடையைத் திருடிக்கொண்டு போகிறவன், முடிந்துபோன தேர்வின் விடைத்தாளோடு நாளைய தேர்வுக்குப் போகிறான். சாவியோ சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை.

சிப்புக்குள் உங்கள் கணக்கிலுள்ள பணம் இல்லை. உங்கள் இருப்புத் தொகை எவ்வளவு என்பதும் அதற்குத் தெரியாது. “உறிஞ்சுவதற்கு” அங்கே எதுவும் இல்லை. சில கார்டுகளில், இயந்திரத்தில் நீங்கள் அழுத்தும் ரகசிய எண்ணான பின் எண் (PIN) சிப்புக்குள்ளும் இருக்கும். நீங்கள் அழுத்தியது சரியா தப்பா என்று மட்டும் அது சொல்லும், எண் என்னவென்று சொல்லாது. சில முறை தொடர்ந்து தப்பாக அழுத்தினால், பெரும்பாலும் மூன்று முறை, பூட்டிக்கொள்ளும்.

இது நேற்று முளைத்த சங்கதியும் இல்லை. ரோலான் மொரேனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1974இல் சிப் அட்டைக்குக் காப்புரிமை கோரினார். 1992 முடிவதற்குள் பிரெஞ்சு வங்கிகளின் கார்டுகள் எல்லாம் சிப்புக்கு மாறிவிட்டன. யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா ஆகிய மூன்று கார்டு நிறுவனங்களும் சேர்ந்து தொண்ணூறுகளில் வகுத்த பொது விதிமுறைதான், அவற்றின் முதலெழுத்துகளால் ஈஎம்வி எனப்படுவது. ஒரு நாட்டில் கொடுத்த கார்டை இன்னொரு நாட்டு இயந்திரம் புரிந்துகொள்வது அதனால்தான். பிரிட்டனில் கையெழுத்துக்குப் பதிலாகப் பின் எண் என்பது 2006 பிப்ரவரி 14இல் கட்டாயமானது. அமெரிக்கா ஆற அமர 2015 அக்டோபரில் வழிக்கு வந்தது. போலிக் கார்டால் நட்டம் ஏற்பட்டால், சிப்புக்கு மாறாத தரப்பே அதைச் சுமக்க வேண்டும் என்று கார்டு நிறுவனங்கள் விதியை மாற்றிய பிறகுதான் அங்கே பெரும்பாலான கடைக்காரர்கள் இயந்திரத்தை மாற்றத் தொடங்கினார்கள். யார் தலையில் நட்டம் விழும் என்று தெரிந்தால் எல்லோருக்கும் தொழில்நுட்பம் உடனே புரிந்துவிடுகிறது.

சரி, சிப் கார்டு வைத்திருப்பவர்களின் கார்டுக்கே நகல் போட்டுவிடுகிறார்களே, அது எப்படி? அதே கார்டின் முதுகில் பட்டையும் இருக்கிறதே! முன்பக்கம் இரும்புக் கதவு, பின்பக்கம் தட்டிக் கதவு. ஒருவர் வந்தார். கடையில் சிப் வேலை செய்யவில்லை என்று சொல்லிக் கார்டைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டுத் தேய்த்தார்களாம். இவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கள் பதிவில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இரண்டு இலக்கக் குறி ஒன்று இருக்கும். 05 என்றால் சிப்பைச் செருகியிருக்கிறார்கள். 07 என்றால் செருகாமல் கார்டை இயந்திரத்தின் மேல் தட்டியிருக்கிறார்கள். 90 என்றால் பட்டையைத் தேய்த்திருக்கிறார்கள். புகார் வந்ததும் நான் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, அந்த இரண்டு இலக்கத்தை. அவருடைய கணக்கில் பல மாதங்களாக 05, 05, 07, 05. நடுவில் அந்தக் கடையில் ஒரே ஒரு 90. அதற்குப் பிறகு வேறு ஓர் ஊரில், அவர் போகவே போகாத இடத்தில், வரிசையாக 90.

அந்தப் பதிவே அவரைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். அசல் கார்டு அவர் கையில் இருந்தது, தொலைவிலோ பட்டை தேய்க்கப்பட்டிருந்தது. நகல் என்று காட்ட அது போதுமானதாக இருந்தது, பணம் திரும்பியது. சிப் கார்டால் வாடிக்கையாளருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது: நகல் எடுப்பதைக் கடினமாக்கியது பாதி, எந்த வழியில் போனது என்று தடயம் விட்டுவைப்பது மீதி.

திருடர்கள் சிப் செருகும் துளைக்குள்ளேயே மெல்லிய தகடு வைத்து ஒட்டுக்கேட்கவும் செய்கிறார்கள். அதில் சிக்கும் தகவலை வைத்துப் பட்டைக் கார்டு தயாரித்தால், அதிலுள்ள சரிபார்ப்பு எண் பட்டைக்கு உரிய எண்ணோடு பொருந்தாது. வேண்டுமென்றே வேறாக வைத்திருக்கிறார்கள். வங்கி ஒழுங்காகச் சரிபார்த்தால் அந்த நகல் அங்கேயே விழுந்துவிடும். பட்டைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. 2033க்குள் தன் கார்டுகளில் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு 2021இல் அறிவித்தது. அதுவரை தட்டிக் கதவு தட்டிக் கதவுதான்.

இனி அலுமினியத் தாள். இதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான எரிச்சல்.

கூட்டத்தில் ஒருவன் கார்டு இயந்திரத்தைப் பைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்தில் வருவான், உங்கள் பின்பாக்கெட்டில் உரசுவான், பணம் போய்விடும் என்று ஒரு காணொளி சுற்றுகிறது. இதை எனக்கு அனுப்பாத உறவினர் இல்லை. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திருடன் என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டும் கார்டு வேலை செய்வது சில சென்டிமீட்டர் தொலைவுக்குள். கார்டின் ஓரங்களில் ஓடும் மெல்லிய கம்பிச் சுருள்தான் இயந்திரத்தின் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. இரண்டு கார்டுகள் ஒட்டியிருந்தாலே பல நேரம் இயந்திரம் குழம்பிப்போகும். உங்கள் பணப்பையில் எத்தனை கார்டுகள்? அதையும் தாண்டிப் பரிவர்த்தனை நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பணம் எங்கே போகும்? அவன் சட்டைப் பைக்கா? இயந்திரம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்த வணிகரின் வங்கிக் கணக்குக்குப் போகும். அடையாளச் சான்றுகள் கொடுத்துத் திறந்த கணக்கு. நாலு பேர் புகார் கொடுத்தால் கதவைத் தட்டுவார்கள். இத்தனைக்கும் பின் எண் இல்லாமல் தட்டுவதற்கு ஒரு வரம்பு உண்டு.

இயந்திரமே வேண்டாம், கைப்பேசியை அருகில் வைத்துக் கார்டைப் படித்துவிடுவான் என்பார்கள் அடுத்து. படிக்கலாம். கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கிடைக்கும். பின்பக்கத்து மூன்று இலக்கம் கிடைக்காது. அது கார்டில் அச்சாகியிருப்பது, சிப் அதைச் சொல்வதில்லை. ரகசியச் சாவி கிடைக்கவே கிடைக்காது. இவ்வளவு பாடுபட்டு அவன் எடுக்கும் அந்த எண்ணை, கூடவே மூன்று இலக்கத்தையும் சேர்த்து, நாம் பொறுப்பில்லாமல் புகைப்படம் எடுத்து வாட்ஸப்பில் பிள்ளைகளுக்கு அனுப்புகிறோம். அலுமினியத் தாள் அலையைத் தடுக்கும், உண்மைதான். வாயைத் தடுக்காது.

சிப்பைக் கடவுளாக்கவும் எனக்கு விருப்பமில்லை. திருடிய அசல் கார்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு கருவியைப் பொருத்தினால், பின் எண் தெரியாமலேயே அதைச் சரி என்று நம்பவைக்க முடியும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் செய்து காட்டினார்கள். “பின் எண் போட்டு எடுத்திருக்கிறது, ஆகவே நீங்கள்தான்” என்று வாடிக்கையாளரிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லும் என் சக ஊழியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆனால் அந்தத் தாக்குதலுக்கு அசல் கார்டு வேண்டும். கார்டு தொலைந்ததும், “வீட்டில் எங்காவது இருக்கும்” என்று மூன்று நாள் தேடாதீர்கள். முதலில் முடக்குங்கள், பிறகு தேடுங்கள். கிடைத்துவிட்டால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை மளமளவென்று சொல்லிவிடுகிறேன். சிப்புக்கென்று தனியாக ஆயுள் கிடையாது. கார்டில் அச்சிட்ட தேதி ஒன்றுதான்; அது முடிவதற்குள் புதுக் கார்டு வந்து சேரும். போனில் சிப்பைப் புதுப்பிக்க இந்த உலகத்தில் எவராலும் முடியாது. ஓடிபி வந்த குறுஞ்செய்தியை முழுதாகப் படியுங்கள். எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒப்பிக்காதீர்கள்.

தேய்க்க விடாதீர்கள். இன்னும் எல்லோரும் “ஸ்வைப்பிங் மெஷின்” என்றே சொல்வதால் தேய்ப்பதுதான் முறை என்று நினைப்பு. சிப் படிக்கவில்லை என்றால் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மறுபடி செருகச் சொல்லுங்கள். எச்சில் வேண்டாம், நகத்தால் சுரண்டவும் வேண்டாம். அப்போதும் முடியாவிட்டால் வேறு வழியில் பணம் கொடுங்கள். கார்டைக் கையிலிருந்து கொடுத்தனுப்பாதீர்கள். இயந்திரம் உங்களிடம் வரட்டும். தட்டுவதற்கு முன் திரையில் தொகையைப் பாருங்கள். பின்பாக்கெட்டுக்குப் பயப்படுகிறவர்கள், தொகையைப் பார்க்காமலேயே தட்டிவிட்டு வந்து “ஒரு சைபர் கூடிவிட்டது” என்கிறார்கள்.

செருகிய கார்டை உடனே பிடுங்காதீர்கள். வங்கியின் பதில் திரும்பி வந்து சிப்பைத் தொட வேண்டியிருக்கிறது; அதற்குள் இழுத்தால் பாதியில் நின்றுபோகும், பிறகு பணம் போனதா இல்லையா என்று எனக்குத்தான் போன் வரும். பின் எண் அழுத்தும்போது மறு கையால் மறையுங்கள். ஏடிஎம்மிலும்தான், தனியாக இருந்தாலும்தான். பட்டையைத் திருடும் கருவி வைத்தவன் விசைப்பலகைக்கு மேலே கேமராவும் வைத்திருப்பான். செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தட்டும் வசதி என்று தனித்தனிப் பொத்தான்கள் இருந்தால், வேண்டாததை அணைத்து வையுங்கள். தயவுசெய்து பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

பெரியவரின் கார்டை முடக்கினேன். புகார்ப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். அவரே ஓடிபியைச் சொல்லியிருப்பதால் பணம் திரும்புவது உறுதியில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பழைய கார்டை என்ன செய்வது என்றார். கத்தரிக்கோலை எடுத்துச் சிப்பின் குறுக்கே ஒரு வெட்டு, பட்டையின் குறுக்கே ஒரு வெட்டு. அந்தக் காகிதத்தையும் கிழித்துவிடச் சொன்னேன். சுக்கு நூறாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அலுமினியத் தாளை மட்டும் சுருக்கம் நீவி, மடித்து, பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“தம்பி, புதுக் கார்டுக்குப் பின் எண் வந்ததும் எங்கே எழுதி வைப்பது?”