கொள்ளைக்கு நாள் குறித்துக் கொடுத்த காற்று

நடுக்கடலில் ஒரு கப்பலைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை. பாய்மர உச்சியில் ஏறி நின்றாலும் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் விவரம் தெரிந்த கொள்ளையர்கள் தேடி அலையவில்லை, காத்திருந்தார்கள். எங்கே, எந்த மாதத்தில் என்பதைக் காற்றே சொல்லிவிடும்.

17ஆம் நூற்றாண்டில் ஹஜ் பயணிகளும் வணிகர்களும் சூரத்திலிருந்து செங்கடலுக்குக் குளிர்காலத்து வடகிழக்குக் காற்றில் போவார்கள். திரும்பி வரத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட வேகமாகச் சூடேற, அங்கே காற்றழுத்தம் குறைகிறது. கடல் காற்று அதை நோக்கிப் பாய்கிறது. பூமியின் சுழற்சி அதைத் திருப்பிவிடுகிறது. நம் மீனவர்கள் கச்சான் என்பதும் இந்தக் காற்றைத்தான். ஆனால் ஜூன், ஜூலையில் அதன் ஆவேசத்தில் சூரத்தை நெருங்க முடியாது. தணியட்டும் என்று அக்டோபர் தாண்டிக் காத்திருந்தாலோ காற்று எதிரே திரும்பிவிடும். அக்காலக் கப்பல்களால் எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. ஆக, மிஞ்சுவது ஆகஸ்ட் கடைசியை ஒட்டிய சில வாரங்கள்தான். செங்கடலை விட்டு வெளியேறும் வாசலும் ஒன்றே: சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாப்-எல்-மண்டெப் நீரிணை.

1695இல் ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயன் அங்கே, பெரிம் தீவருகே, 'ஃபேன்சி' கப்பலோடு பதுங்கியிருந்தான். வேறு சில கொள்ளைக் கப்பல்களும் சேர்ந்திருந்தன. இவ்வளவு கணக்குப் போட்டும் 25 கப்பல் கொண்ட முகலாயக் கூட்டம் இரவோடு இரவாக நழுவிவிட்டது!

அப்புறம் நடந்தது வேகப் போட்டி. இருவருக்கும் ஒரே காற்று என்றால் வித்தியாசம் தண்ணீருக்கடியில்தான். வெப்பக் கடலில் சில மாதங்களிலேயே கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு தண்ணீரின் இழுவையைக் கூட்டிவிடும். கொள்ளையர்கள் ஒதுக்கமான கரைகளில் கப்பலை ஒருக்களித்துச் சாய்த்து அதைச் சுரண்டி எடுப்பார்கள். எவ்ரி மேல்தளக் கட்டுமானங்களையும் வெட்டியெறிந்து எடையைக் குறைத்திருந்தான். கூட்டாளிக் கப்பலான 'டால்ஃபின்' ஈடுகொடுக்க முடியாமல் தவித்தபோது, ஆட்களை ஏற்றிக்கொண்டு அதைக் கொளுத்திவிட்டார்கள்.

சூரத்தை நெருங்கும் வேளையில் அந்தக் கூட்டத்திலிருந்த ஔரங்கசீப்பின் கப்பல் 'கஞ்ச்-இ-சவாய்' சிக்கியது. அதில் 60க்கு மேற்பட்ட பீரங்கிகள், நூற்றுக்கணக்கான துப்பாக்கி வீரர்கள். ஃபேன்சியில் 46 பீரங்கிகள்தான். ஆனால் முகலாயர் பீரங்கி ஒன்று அவர்கள் தளத்திலேயே வெடித்தது; ஃபேன்சியின் குண்டு அவர்களுடைய பிரதான பாய்மரத்தைச் சாய்த்தது. பிறகு பல நாட்கள் பயணிகள் பட்ட சித்திரவதை, பெண்களுக்கு நேர்ந்த கொடுமை. எவ்ரியை வீரனாக்கிக் கதை கட்டியவர்கள் இதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள்.

சூரத்தின் ஆங்கிலேய வணிகர்களைப் பேரரசர் சிறைவைத்தார். எவ்ரியின் தலைக்கு அறிவித்த 500 பவுண்டு 1,000 ஆனது; அவன் அகப்படவே இல்லை. பிறகு ஹஜ் கப்பல்களுக்கு ஐரோப்பியப் போர்க்கப்பல்கள் காவலாகச் சென்றன. ஆனால் அவையும் புறப்பட்டது அதே சில வாரங்களில், அதே வாசல் வழியாகத்தான்.