சிவப்பழகு விளம்பரமும் எரிகிற முகமும்

தோல் மருத்துவரான என்னிடம் வரும் இளம்பெண்களில் பலருக்கு நோய் என்று எதுவும் இருக்காது. "கொஞ்சம் கலராகணும் டாக்டர்" என்பார்கள். கூடவே அம்மா வந்திருப்பார். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற அவசரம் அவர் பேச்சில் தெரியும்.

இந்த ஏக்கம் தானாக முளைத்ததல்ல. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் சந்தைக்கு வந்தது. அப்புறம் நம் வீட்டு டிவியில் ஓடிய சிவப்பழகு விளம்பரங்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். கருத்த பெண் வாடி நிற்பாள், கிரீம் பூசுவாள், வெளுப்பாள், வேலையும் வரனும் தேடி வரும். கருத்த நிறத்தவரை அழகற்றவராகவோ தோற்றவராகவோ காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு வழிமுறை வகுத்தது 2014-ல்தான். 2020-ல் அந்த கிரீமின் பெயரும் மாறியது. சினிமா அவ்வளவாக மாறவில்லை. நாயகன் நம் ஊர் நிறத்தில் இருக்கலாம். நாயகிக்கு அந்த உரிமை இன்னும் அரிதாகத்தான் கிடைக்கிறது. இதைப் பார்த்தே வளரும் பெண் கண்ணாடியில் தன் முகத்தைக் குறையாகத்தானே பார்ப்பாள்?

விளம்பர கிரீமில் பலன் தெரியாதவர்கள் அடுத்து மருந்துக்கடைக்குப் போகிறார்கள். ஆபத்து அங்கேதான். கடைக்காரரோ தோழியோ சொல்லும் டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சிலவற்றில் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலை உரியவைக்கும் ட்ரெட்டினோயின் இரண்டும் சேர்ந்திருக்கும். முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்குக்கு, மருத்துவர் மேற்பார்வையில், கொஞ்ச நாள் மட்டும் பூச வேண்டிய மருந்து இது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். போகப்போக தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து இன்னும் மோசமாகும். பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார்கள். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் ஆசைப்பட்டு இவற்றை விற்பவர்கள் மேல் எனக்குக் கடுங்கோபம் உண்டு. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

நம் தோலின் கருமைக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து, தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைப்பது அதுதான். அம்மாக்களிடம் இதைத் தவறாமல் சொல்கிறேன்.

வீட்டிலிருக்கும் டியூபை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் இருக்கிறதா? இருந்து, அதை மாதக்கணக்கில் பூசி வந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். டியூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது. லேபிளே இல்லாத டப்பா என்றால் அதையும் எடுத்துப் போங்கள், பாதரசம் கலந்தவையும் விற்பனையில் உண்டு.