அம்மையைப் போல் தோன்றும் மருந்து ஒவ்வாமை

காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், முகத்திலும் மார்பிலும் செந்நிறப் புள்ளிகள் ஆகிய நான்கும் ஒன்றாக வந்தால், அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை பறிக்கப் போவது நம் வீடுகளில் வழக்கம். அது அம்மையாகவே இருக்கக்கூடும். ஆனால், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு வலிப்புக்கோ நரம்பு வலிக்கோ யூரிக் அமிலத்துக்கோ புதிதாக மாத்திரை தொடங்கியவராக அவர் இருந்தால், அந்தப் புள்ளிகளை மருந்தின் வினையாக முதலில் சந்தேகிக்க வேண்டும். வேளை தவறாமல் அதே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டு அம்மை இறங்கக் காத்திருப்பதே இதில் நேரக்கூடிய பெரிய தவறு.

அமெரிக்க மருத்துவர்கள் ஸ்டீவன்ஸ், ஜான்சன் ஆகிய இருவரும் 1922-இல் இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதிய நோய் இது. தோல் உடலின் பரப்பில் 10 விழுக்காட்டுக்குள் உரிந்தால் அவர்கள் பெயராலேயே ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று அழைக்கப்படுகிறது. 30 விழுக்காட்டைத் தாண்டினால் நச்சு மேல்தோல் அழிவு எனப்படுகிறது. நோயாளியின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து ஏறத்தாழ 1 விழுக்காடு என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். கடுமையான வகையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார். ‘பக்கவிளைவு’ என்ற மென்மையான சொல் இதற்குப் பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோல் ஏன் உரிகிறது? நம் உயிரணு ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை எச்.எல்.ஏ எனப்படும் மூலக்கூறுகளில் ஏந்தி, மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. நோயெதிர்ப்புக்கான டி அணுக்கள் அவற்றைச் சோதித்து, அந்நியமானது தென்பட்டால் அந்த உயிரணுவைக் கொல்லும். எச்.எல்.ஏ-பி 15:02 என்ற வகையை மரபாகப் பெற்றவர்களிடம், வலிப்புக்குத் தரப்படும் கார்பமசெபைன் அந்த மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ள, டி அணு தன் சொந்தத் தோலையே பகையாகக் கொள்கிறது. கிரானுலைசின் என்ற புரதத்தை அது வெளியிட, மேல்தோல் அணுக்கள் கூட்டமாக மடிந்து, தீப்பட்ட தோலைப் போல் கழன்றுவருகின்றன. இந்த டி அணுக்கள் பெருகுவதற்குக் காலம் பிடிப்பதால், நோய் பெரும்பாலும் மருந்து தொடங்கிய நான்காம் நாளுக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில், சிலருக்கு எட்டு வாரம் வரையிலும், வெளிப்படுகிறது. ‘இத்தனை நாள் ஒத்துக்கொண்ட மாத்திரைதானே’ என்ற எண்ணம் தவறாகப் போவது இதனால்தான்.

மருத்துவர் முன் வைக்க வேண்டிய முதல் தகவல் எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கப்பட்டது என்பதே. பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் அள்ளிக்கொண்டு போவது நல்லது. வலிப்புக்கான ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா வகையைச் சேர்ந்த கோட்ரைமாக்சசோல் ஆகியவையும் அடிக்கடி குற்றவாளிகளாகின்றன. தோல் அரிப்பதைவிட வலிப்பது, உதடு வெடித்து எச்சில் விழுங்க முடியாமல் போவது, கண் கூசுவது, புள்ளிகளின் நடுவே கொப்புளம் எழுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம் என்பதால், மாற்று மருந்தை மருத்துவரே உடனடியாகத் தொடங்குவார். மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டில் இருந்தபடி நிறுத்திப் பார்ப்பது சரியன்று.

மருந்தை விரைந்து நிறுத்துவதே சிகிச்சையின் முதற்படி. பிறகு தீக்காயப் பிரிவில் பார்ப்பதைப் போலத்தான்: நீரிழப்பை ஈடுசெய்தல், உடல் வெப்பம் குறையாமல் காத்தல், கிருமித் தொற்றைத் தடுத்தல். தொடக்க நாள்களிலேயே கண் மருத்துவரும் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் இமையின் உட்புறம் விழியோடு ஒட்டிக்கொண்டு, தோல் ஆறிய பிறகும் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

தடுப்புக்கு வழிகாட்டியது தைவான். கார்பமசெபைனால் இந்நோய் கண்ட 44 பேரிடமும் 15:02 வகை இருந்ததை அங்குள்ள ஆய்வாளர்கள் 2004-இல் கண்டறிந்தனர். பின்னர் 4,877 பேரை மருந்து தருவதற்கு முன்பே மரபணுச் சோதனை செய்து, அந்த வகை உள்ள 7.7 விழுக்காட்டினருக்கு வேறு ஏற்பாடு செய்தனர். ஒருவருக்கும் நோய் வரவில்லை என்று 2011-இல் அறிவித்தனர். இந்தியர்களில் சராசரியாக 2 முதல் 4 விழுக்காட்டினரிடம் இந்த வகை இருக்கிறது. இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. இல்லாதவர்களுக்கு வராது என்ற உறுதியும் இல்லை. ஆகவே சோதனை செய்திருந்தாலும் முதல் இரண்டு மாதங்கள் தோலையும் வாயையும் கவனித்துவர வேண்டும். லாமோட்ரிஜினை மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துவதும் இதே அச்சத்தால்தான். அந்த அட்டவணையை அவசரப்பட்டு நாமாகக் கூட்டிவிடக் கூடாது.

ஒருமுறை இந்நோய் வந்து பிழைத்தவர் அந்த மருந்தை மீண்டும் தொடவே கூடாது. வலிப்பு மருந்துகளான கார்பமசெபைன், ஃபெனிடாயின், ஃபெனோபார்பிட்டால் மூன்றும் வேதியமைப்பில் நெருங்கியவை என்பதால், ஒன்றில் பட்டவருக்கு மற்ற இரண்டையும் தவிர்ப்பார்கள். காஜியாபாத்தில் இயங்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகப் புகார் தெரிவிக்கலாம். மருந்தின் பெயரைக் குறித்துவைக்கும்போது அட்டையில் பெரிதாக இருக்கும் வணிகப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. கடைக்குக் கடை அது மாறும். அதனருகே சிறிய எழுத்தில் உள்ள வேதிப்பெயரையும் எழுதி, பணப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.