அந்த இடைவெளியில் வாசித்துவிடாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட மண்டபங்களில், ஒத்திகை இல்லாத நகைச்சுவை நாடகங்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். சபையிலிருந்து யாராவது ஒரு வார்த்தை கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நடிகர்கள் அங்கேயே காட்சி கட்டுவார்கள். அடுத்த வசனம் அவர்களுக்கே தெரியாது, எனக்கு எங்கே தெரியப்போகிறது? புதிதாக வாசிக்க வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் செய்யும் தவறு, சும்மா இருக்க முடியாமல் வாசித்துவிடுவது.

நானும் செய்திருக்கிறேன். ஒரு திருவிழா இரவில் "கிராணி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கிராணி என்றால் தோட்டத்தில் கணக்கு எழுதுபவர். உடனே ஓர் அக்கா ரப்பர் மரம் சீவும் பாட்டியாகக் கூன் போட்டு வந்து, "ஐயா, நேத்து என் பேர்ல எத்தன கிலோ பால்னு..." என்று இழுத்து நிறுத்தினார். தடுமாறுகிறார் என்று நினைத்து முகாரியை இழுத்துவிட்டேன். சபை 'உச்' கொட்டியது. அவர் கைவசம் வைத்திருந்த கேலி வெளியே வரவே இல்லை. இறங்கி வந்ததும் சொன்னார்: "தம்பி, நான் மூச்சு எடுத்தேன். நீ பாட்டு எடுத்துட்ட."

மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களை, வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகை இன்றி அன்றிரவு மேடையில் கூடி நடிப்பார்கள். கோமாளியான பபூன் பேசும்போது ஆர்மோனியக்காரர் ஓரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார், 'ஆமா' போடுவார். கை பெட்டியில் இருந்தாலும் காது பபூனிடம் இருக்கும்.

அதனால் நடிகர்களுக்குப் பின்னால் உட்காராதீர்கள். பக்கவாட்டில், முகம் தெரியும் இடத்தில் உட்காருங்கள். மூச்சு எடுக்கிறாரா, திணறுகிறாரா என்று முகமே சொல்லிவிடும். ஒவ்வொரு ஜோக்குக்கும் 'டும் டும் டிஷ்' போடும் பழக்கமும் வேண்டாம். சபை சிரிக்காத ஜோக்குக்கு அது விழுந்தால் நடிகருக்கு இரட்டை அவமானம்.

திடீரென்று பாட ஆரம்பித்தால்? சுருதி ஆணுக்கு ஒன்றரைக் கட்டை, பெண்ணுக்கு ஐந்தரை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவர் எடுத்த சுருதியை அப்படியே பிடித்து, முதலில் ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) மட்டும் வைத்திருங்கள். தாளம் எளிய எட்டு எண்ணிக்கையில் சுற்றட்டும். இன்னொன்று, நம் எதுகை அடியின் தொடக்கத்தில் வரும், இரண்டாம் எழுத்தில். ஆகவே அடுத்த அடியின் முதல் சொல்லைத்தான் நடிகர் தேடிக்கொண்டிருப்பார். இரண்டு அடிகளுக்கு நடுவே நான்கு எண்ணிக்கை காலியாக விடுங்கள். அந்த இடத்தில் உங்கள் விரல் வித்தையைக் காட்டினால் சொல் ஓடிப்போய்விடும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்டியது. வசனமே கேட்கவில்லை. பழைய நானாக இருந்தால் சத்தத்தைக் கூட்டியிருப்பேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். அதே அக்கா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் கொடியிலிருந்து துணி எடுப்பதுபோல் பாவனை செய்துகொண்டு மேடை முழுக்க ஓடினார். சபை கைதட்டி அடங்க வெகுநேரம் ஆனது.

அன்றைக்கு மொத்தமாகச் சேர்த்தால் நான் மூன்று நிமிடம் வாசித்திருப்பேன். சம்பளத்தில் யாரும் குறைக்கவில்லை.