சர்வைலன்ஸ்: கண்காணிப்பா, மேற்பார்வையா, வேவா?

"இப்பகுதி சிசிடிவி கண்காணிப்பில் உள்ளது"னு கடைக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க பாருங்க, அந்தக் கண்காணிப்புதான் இங்கிலீஷ்ல சர்வைலன்ஸ். ஆனா அது இங்கிலீஷ்லயே இரவல் சொல், பிரெஞ்சுல இருந்து வந்தது. "சுர்"னா மேல, "வெய்யே"னா தூங்காம முழிச்சிருந்து பாக்குறது. வேர் லத்தீன். விஜிலன்ஸும் அதே வேர்தான், அதனால லஞ்சம் வாங்குறவனைப் பிடிக்க வர்ற விஜிலன்ஸ்காரங்க சர்வைலன்ஸுக்குப் பங்காளி முறை. 1793ல பிரெஞ்சுப் புரட்சி நடக்குறப்போ ஊருக்கு ஊர் சர்வைலன்ஸ் கமிட்டி போட்டு, வெளியாளு யாரு, சந்தேகப்படற ஆளு யாருன்னு பேர் எடுத்தாங்க, அடுத்த சில வருஷத்துல இங்கிலீஷ்காரங்க அந்தச் சொல்லை அப்படியே தூக்கிக்கிட்டாங்க.

பிரிச்சுப் பாத்தா மேல + பாக்குறது, அப்ப மேற்பார்வைன்னு வச்சுடலாமேன்னு தோணும். வைக்க முடியாது. மேற்பார்வைன்னா பரீட்சை ஹால்ல நடக்குறவரு, கட்டட வேலையில நிக்கிற மேஸ்திரி, வேலை ஒழுங்கா நடக்குதான்னு பாக்குறது மட்டும்தான்.

உளவு, வேவு, ஒற்று இதெல்லாம் வேற சாதி. திருக்குறள்ல 59வது அதிகாரமே ஒற்றாடல்தான், பாக்குறது பாக்கப்படுறவனுக்குத் தெரியவே கூடாது. இஸ்ரேல் கம்பெனி என்எஸ்ஓவோட பெகாசஸ்ங்கிற உளவு சாப்ட்வேர் இதுல சேரும். போனுக்குள்ள சத்தமில்லாம உக்காந்து மெசேஜ் படிக்கும், மைக்கை ஆன் பண்ணும். பத்திரிகையில இதை ஒட்டுக்கேட்புன்னு எழுதுறாங்க, எனக்கு அது பத்தல, அது காதோட நிக்கிற சொல். 2021 நவம்பர்ல அமெரிக்கா அந்தக் கம்பெனியைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுச்சு.

கண்காணிப்பு அப்படி ஒளிஞ்சு பாக்குறது இல்ல. பாக்குறான்னு உனக்குத் தெரியும், தெரியணும்னுதான் பாக்குறான். கண் + காண், அதுல இருந்து கண்காணி. கோயில் கல்வெட்டுல கண்காணின்னு அதிகாரியே உண்டு. திருமந்திரத்துல கண்காணி கடவுள், யாரும் பாக்கலைன்னு திருட்டுத்தனம் பண்றவனுக்கு அவர் இல்லாத இடமே இல்லைன்னு சொல்லும்.

இந்தச் சொல் ரொம்பத் தேஞ்சது இலங்கை, மலாயா தோட்டங்கள்லதான், அங்க அது கங்காணி ஆயிடுச்சு. நம்ம ஊர்ப்பக்கம் வந்து ஆள் பிடிச்சுட்டுப் போனவரே அங்க பெரிய கங்காணி, தலைக்கு இவ்வளவுன்னு காசு அவருக்கு, அதனால ஒரு ஆள் வேலைக்கு வரலைன்னா நஷ்டம் அவருக்கும்தான். காலையில பெரட்டுக் களத்துல ஆள் எண்ணுவாங்க, பறிச்ச தேயிலைக் கொழுந்து குறைஞ்சா அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். இலங்கையில துண்டுன்னு ஒரு சீட்டு இருந்துச்சு, ஆளோட கடன் எவ்வளவுன்னு எழுதினது, அது இல்லாம வேற தோட்டத்துக்குப் போக முடியாது, 1921ல சட்டம் போட்டுத்தான் எடுத்தாங்க.

இப்ப சீனாவுல ஷின்ஜியாங்குக்கு வாங்க. உய்குர் முஸ்லிம்கள் இருக்குற பகுதி. அங்க போலீஸ் வச்சிருக்குற ஒரு மொபைல் ஆப்பை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு 2019ல பிரிச்சு மேஞ்சப்போ, கரண்ட் வழக்கத்தைவிட அதிகமா எரிச்சா, பக்கத்து வீட்டோட பழகலைன்னா, முன்வாசலைத் தவிர்த்தா எல்லாம் சந்தேகக் கணக்குல வருதுன்னு தெரிஞ்சுது. அந்த சிஸ்டத்தைக் கட்டினது சீன அரசோட சிஇடிசி குழுமம், உலகம் முழுக்க கேமரா விக்கிற ஹிக்விஷன்ல பெரிய பங்கும் அதே குழுமத்துக்கிட்டதான். அதே 2019ல ஹிக்விஷனோட சீன வெப்சைட்ல ஒரு கேமராவுக்கு "உய்குரா இல்லையான்னு கண்டுபிடிக்கும்"னு விளம்பரம் இருந்தது வெளிய வந்து, கேள்வி வந்ததும் பக்கத்தையே எடுத்துட்டாங்க. மனித உரிமையை மீறலைன்னு கம்பெனி சொல்லிட்டே இருக்கு. எனக்கு இது பெரட்டுக் களத்தை ஊர் அளவுக்கு விரிச்ச மாதிரிதான் தெரியுது, கங்காணிக்காவது ராத்திரி தூக்கம் வரும்.

இந்த கேமரா கம்பெனிகளைப் பத்தி எழுதுறப்போ தடைங்கிற சொல்லையும் கொஞ்சம் கவனமாப் போடணும். 2019 அக்டோபர்ல ஹிக்விஷன், தாஹுவா, சென்ஸ்டைம்னு 8 சீனக் கம்பெனியை அமெரிக்கா பட்டியல்ல சேத்தது, அவங்க விக்கக் கூடாதுன்னு இல்ல, அவங்களுக்கு அமெரிக்கப் பொருளை லைசென்ஸ் இல்லாம விக்கக் கூடாதுன்னு. ஹிக்விஷன், தாஹுவாவோட புது மாடல் கேமராவுக்கு அனுமதி கிடையாதுன்னு அமெரிக்கா சொன்னது 2022 நவம்பர்ல. அதே மாசம் பிரிட்டன் சொன்னது அரசோட முக்கியமான கட்டடங்கள்ல புதுசா மாட்டாதீங்கன்னு. கனடா 2025 ஜூன்ல ஹிக்விஷன் கனடா கம்பெனியையே மூடச் சொல்லிடுச்சு. நாலுமே செய்தியில "தடை"ன்னுதான் வருது.

அப்புறம் இந்தக் கம்பெனிகளைப் "பாதுகாப்பு கேமரா நிறுவனம்"னு சில பேரு எழுதுறாங்க, அது விக்கிறவன் வச்ச பேரு. மளிகைக் கடைக் கல்லாவுக்கு மேல மாட்டினதைப் பாதுகாப்புன்னு எழுதிக்கோங்க, மசூதி வாசல்ல மாட்டி வர்றவன் மூஞ்சியைப் பதிவு பண்றதுக்குக் கண்காணிப்புன்னே எழுதுங்க.