காற்றோடு போனால் காற்றே இல்லை

பொள்ளாச்சி பலூன் திருவிழாவுக்குப் போய் வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் பலூனில் இருந்து எடுத்த வரிக்குதிரைப் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் பளிச்சென்று தெரிகிறது. ஊட்டி பஸ் ஜன்னலில் நான் எடுத்தால் கலங்கித்தான் வருகிறது. அவ்வளவு உயரத்துக் காற்றில் கேமரா ஆடாதா?"

ஆடாது. அங்கே காற்றே அடிப்பதில்லை.

பலூன் ஏன் எழும்புகிறது என்பது பள்ளிப் பாடம், வேகமாகக் கடந்துவிடலாம். செரெங்கெட்டி சமவெளியின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. விடியற்காலையில் அங்கே ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1 கிலோ. 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 800 கிராமுக்கும் சற்றுக் குறைவு. மிச்சப்படும் 200 கிராம் சொச்சம்தான் தூக்கும் விசை. 10,000 கன மீட்டர் பலூனுக்கு அது 2 டன்னைத் தாண்டும். துணி, கூடை, எரிவாயு சிலிண்டர், பத்துப் பதினாறு பேர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இனி நான் ரசிக்கும் இடம். காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டுமானால் அதற்கும் நமக்கும் வேக வித்தியாசம் இருக்க வேண்டும். ஒகேனக்கலில் பரிசல்காரர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால், பரிசல் தண்ணீரின் வேகத்திலேயே போகும். இரண்டுக்கும் நடுவே சச்சரவு இல்லை. பலூனுக்குத் துடுப்பே கிடையாது. மணிக்கு 15 கி.மீ. காற்றில் அதுவும் மணிக்கு 15 கி.மீ.தான் போகும். கூடைக்குள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினால் சுடர் நேராக நிற்கும். (எரிவாயு சிலிண்டருக்குப் பக்கத்தில் யாரும் ஏற்ற வேண்டாம்.)

பஸ்ஸில் வேகத்தோடு அதிர்வும் சேர்ந்து படத்தைக் கெடுக்கிறது. பலூனில் எஞ்சின் இல்லை, குழி இல்லை, மிஞ்சுவது வேகம் மட்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 15 கி.மீ. என்றால் நொடிக்கு 4 மீட்டர் சொச்சம். ஷட்டர் 1/500 நொடி திறந்தால் பலூன் நகர்வது 8 மி.மீ. நூறு மீட்டர் உயரத்தில் இருந்து 50 மி.மீ. லென்ஸ் போட்ட 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் நேர் கீழே பார்த்தால், ஒரு பிக்சல் தரையில் பிடிக்கும் இடம் சுமார் 12 மி.மீ. பலூனின் நகர்வு ஒரு பிக்சலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 200 மி.மீ. லென்ஸ் என்றால் பிக்சல் 3 மி.மீ. ஆகிவிடும், ஷட்டரை 1/2000க்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

சரி, துடுப்பு இல்லாமல் மந்தை இருக்கும் பக்கம் எப்படிப் போவது? மாடிப்படி ஏறி இறங்கித்தான். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படிந்துவிடும். பள்ளம் பார்த்து மெல்ல வடியவும் செய்யும். மேலே உள்ள காற்று இந்தக் குளிர்ந்த அடுக்கின் மேல் வழுக்கிக்கொண்டு வேறு வேகத்தில், சில நாள் வேறு திசையிலேயே ஓடும். பைலட், காற்றைச் சூடாக்கும் பர்னரைத் திறந்தால் மேல் அடுக்கு, விட்டால் கீழ் அடுக்கு. அவர் கையில் இருப்பது உயரம் ஒன்றுதான். திசையை அதை வைத்தே பேரம் பேசி வாங்குகிறார்.

அடுக்கு மாறும் கணத்தை முகமே சொல்லிவிடும். கூடைக்குப் பல மீட்டர் மேலே இருக்கும் பலூன் புதிய காற்றில் நுழைந்து அதன் வேகத்துக்கு மாறும்போது, கீழே தொங்கும் கூடை இன்னும் பழைய காற்றில் இருக்கும். அப்போது மட்டும் கன்னத்தில் சிலுசிலுவென்று படும். படம் எடுப்பவர் அது அடங்கும்வரை காத்திருப்பது நல்லது. பேரம் எப்போதும் படியாது என்பதும் உண்மை: 2025இல் பொள்ளாச்சியில் கிளம்பிய பலூன் ஒன்று எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயலில் இறங்கியது. 'சனிக்கிழமை கிழக்கே சூலம்' என்று பார்த்துக் கிளம்புகிறவர்கள் பலூன் பக்கமே வர வேண்டாம். காற்றுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

சத்தம் மட்டும் தப்பாது. பர்னர் சீறினால் மந்தை மிரளும். அதற்காகவே பல பலூன்களில் இன்னொரு பர்னர் உண்டு. திரவ நிலையிலேயே புரொப்பேனை எரிக்கும். சீறலுக்குப் பதில் தணிந்த உறுமல். பலூன்காரர்கள் அதை 'மாட்டு பர்னர்' என்கிறார்கள். ஐரோப்பாவில் மாட்டுப் பண்ணைகளுக்கு மேல் பறக்கையில் அதைத்தான் திறப்பார்கள்.

வாயுவால் படமே கெட்ட காலமும் உண்டு. 1858இல் பாரிஸ் அருகே வானிலிருந்து முதல் படத்தை எடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் நதாருக்கு, ஃபிலிமுக்குப் பதில் அப்போது இருந்த கண்ணாடித் தகடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்துப் போயின. அவருடையது விளக்கெரிக்கும் வாயு நிரப்பிய பலூன். கழுத்து வழியாகக் கசிந்த வாயு ஈரத் தகட்டின் வெள்ளி உப்பைக் கெடுத்துவிட்டது. கழுத்தை மூடிய பிறகுதான் படம் விழுந்தது.

மேலிருந்து பார்த்தால் வரிக்குதிரை ஒரு சின்னக் கோடு. படத்தில் நாம் குதிரை என்று அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் நிழலைத்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக, மணிக்கு 15 டிகிரி வீதம் ஏறுகிறது. உதித்த அரை மணியில் 1.3 மீட்டர் உயர வரிக்குதிரைக்கு 10 மீட்டர் நிழல். ஒரு மணி நேரத்தில் 5 மீட்டர் கூட இருக்காது. தோள்பட்டை, காது, வால் எல்லாம் தரையில் வரைந்து காட்டப்படுவது அந்தக் கொஞ்ச நேரம் மட்டுமே.

அப்புறம் வெயில் தரையைச் சுடத் தொடங்கும். சூடான காற்று குமிழ் குமிழாகக் கிளம்பி அடுக்குகளைக் கலைத்துவிடும், பலூன் தள்ளாடும். அதுவரை மரக்கிளையில் சோம்பி உட்கார்ந்திருந்த பாறு கழுகுகள் காத்திருந்ததும் அந்தக் குமிழ்களுக்காகத்தான். முதல் கழுகு சிறகை அடிக்காமலே வட்டமிட்டு மேலே ஏறும்போது பைலட் இறங்க இடம் தேடிக்கொண்டிருப்பார். கேமராக்களைப் பைக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்.